வேலிக்கரை மஞ்சள் பூ: பெருஞ்சீரகமா, வேறொன்றா?

கனடாவில், ஒன்ராறியோ மாகாணத்து ஸ்காபுறோவிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். நீண்ட கடிதம், சுருக்கித் தருகிறேன்.

"எங்கள் பின்வளவு வேலிக்கு அப்பால் ஹைட்ரோ (மின்சார) கம்பிகள் போகும் புல்வெளி. மூன்று வருடமாக அங்கே ஒரு செடி மஞ்சள் பூவோடு என் நெஞ்சு உயரத்துக்கு வளர்கிறது. இந்த முறை வேலிக்கு இந்தப் பக்கமும் வந்துவிட்டது. கலிபோர்னியாவில் இருக்கும் சித்தப்பாவின் மகளுக்குப் படம் அனுப்பினேன். 'இது பெருஞ்சீரகம், இங்கே ரோட்டோரமெல்லாம் நிற்கிறது' என்றாள். அம்மாவுக்குச் சந்தோஷம். காய்ந்த தலை ஒன்றிலிருந்து விதை உதிர்த்துப் போத்தலில் போட்டு வைத்திருக்கிறார், தூள் இடிக்கும்போது சேர்க்கலாம் என்று. போன மாதம் ஒரு சனிக்கிழமை அப்பா அரைக்கைச் சட்டையோடு, நைலான் நூல் சுழலும் புல்வெட்டியால் வேலிக்கரையைத் துப்புரவாக்கினார். திங்கட்கிழமை இரண்டு கைகளிலும் நெருப்புச் சுட்டதுபோலக் கொப்புளம். கிளினிக்கில் அலர்ஜி என்றார்கள். கொப்புளம் ஆறிவிட்டது, கபில நிறக் கோடுகள் போகவில்லை. இது என்ன செடி? பெருஞ்சீரகம் இப்படிச் செய்யுமா? விதையைச் சமையலுக்கு எடுக்கலாமா? இன்னொன்று, என் மகள் அந்தச் செடியிலிருந்து ஒரு பச்சைப் புழுவைப் பிடித்துப் பெட்டியில் வைத்திருக்கிறாள். அதனால் ஏதும் ஆகுமா?"

முதலில் அந்தப் போத்தல். அம்மா எப்போது தூள் இடிப்பார் என்று எனக்குத் தெரியாது, ஆகவே மற்றதையெல்லாம் பிறகு பேசுவோம். அந்த விதையைத் தூளுக்குப் போட வேண்டாம். அது பெருஞ்சீரகம் இல்லை. தோட்டத்திலும் கொட்ட வேண்டாம், சமையற் கழிவுக்கான பச்சைத் தொட்டியிலும் போட வேண்டாம். ஒரு பையில் போட்டு இறுகக் கட்டிச் சாதாரணக் குப்பையோடு அனுப்பிவிடுங்கள். போத்தலைக் கழுவி வைத்துக்கொள்ளலாம்.

உங்கள் வேலிக்கரையில் நிற்பது காட்டு பார்ஸ்னிப். பெயரைக் கேட்டால் ஏதோ காட்டிலிருந்து வந்தது போல இருக்கும். உண்மையில் அது தோட்டத்திலிருந்து ஓடிப்போனது. குளிர்காலத்தில் கடையில் வெள்ளைக் கரட் மாதிரிக் குவித்து வைத்திருப்பார்களே, அந்தப் பார்ஸ்னிப் கிழங்கும் இதுவும் ஒரே இனம். தாவரவியல் பெயர்கூட ஒன்றுதான், பாஸ்டினாக்கா சட்டைவா. அப்பாவின் கையைச் சுட்டதும் இதுவேதான்.

நீங்கள் அனுப்பிய நாலு படங்களில் பூவின் படம்தான் மிக அழகு. எனக்கு மிகக் குறைவாக உதவியதும் அதுதான். களைச்செடிகளை அடையாளம் சொல்வதையே தொழிலாக வைத்திருக்கிறேன். வருகிற படங்களில் முக்கால்வாசி பூ மட்டும்தான். பார்ஸ்னிப் சேர்ந்த இந்தத் தாவரக் குடும்பத்தில் பூவை வைத்துப் பெயர் சொல்லப் போனால் அவமானப்பட நேரும். ஒரு குடைக்கம்பி விரிந்தது போலக் காம்புகள், ஒவ்வொரு காம்பின் நுனியிலும் இன்னொரு குட்டிக் குடை, அதில் பொடிப் பொடியாகப் பூக்கள். கொத்தமல்லி, சீரகம், பெருஞ்சீரகம், ஓமம், சதகுப்பை, கரட், செலரி எல்லாம் இந்த அமைப்புத்தான். பெருங்காயம் எடுக்கும் செடியும் இதே குடும்பம், அதற்கும் மஞ்சள் குடைப் பூ. வீட்டில் சம்பல் போடும் வல்லாரைகூட இந்தக் குடும்பத்துப் பிள்ளை என்றால் பலர் நம்ப மாட்டார்கள்.

நம்முடைய சங்கடம் என்னவென்றால், இந்தக் குடும்பத்தின் விதைகள் எல்லாம் நம் அஞ்சறைப்பெட்டியில் இருக்கின்றன, செடிகளைத்தான் நாம் கண்டதில்லை. யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களில் எத்தனை பேர் பெருஞ்சீரகச் செடியைப் பார்த்திருப்பார்கள்? கடையில் சரையில் சுற்றி வாங்கியதுதான். ஆகவே ஒரு மஞ்சள் குடைப் பூவையும் லேசான மசாலா மணத்தையும் கண்டால், தெரிந்த பெயரை அதன்மேல் வைத்துவிடுகிறோம்.

உங்கள் சித்தப்பாவின் மகளையும் குறை சொல்லாதீர்கள். அவள் இருக்கும் இடத்தில் அவள் சொன்னது சரி. பெருஞ்சீரகம் மத்தியதரைக் கடல் பக்கத்துச் செடி. குளிர்காலத்தில் மழை, கோடையில் வறட்சி என்று கலிபோர்னியாவும் அதே சுவாத்தியம். சமையலுக்கென்று கொண்டுபோய் நட்டது வேலி தாண்டி, இப்போது ரோட்டோரம், ரெயில் பாதை, வெறும் காணி எல்லாவற்றிலும் ஆளுயரத்துக்கு நிற்கிறது. அந்தக் கரைக்கு அப்பால் சாந்தா குரூஸ் என்று ஒரு தீவு. அங்கே மேய்ந்துகொண்டிருந்த ஆடு மாடுகளை 1980களில் அகற்றியபோது, பழைய உள்ளூர்ச் செடிகள் திரும்பி வரும் என்று எதிர்பார்த்தார்கள். அதற்கு முந்திக்கொண்டு பெருஞ்சீரகம் காடாக எழும்பியது. ஆக, அதுவும் தோட்டத்தை விட்டு ஓடிய மஞ்சள் குடைப் பூதான். ஆனால் நம் ஒன்ராறியோக் குளிரில் அது இப்படி வருடக்கணக்காக வேலிக்கரையில் கூட்டமாக நிற்பதில்லை. இங்கே ஆடியில், ஆவணியில் ரோட்டோரம் நெஞ்சளவு உயரத்தில் மஞ்சள் குடை கண்டால், முதல் சந்தேகம் பார்ஸ்னிப் மேல்தான் விழ வேண்டும்.

சந்தேகத்தை உறுதியாக்கியது உங்கள் இரண்டாவது படம், இலை. பெருஞ்சீரகத்தின் இலை நூல் நூலாக இருக்கும், சதகுப்பையும் அப்படியே. இலை என்று சொல்லவே முடியாது, பச்சை மயிர்க்கற்றை என்றால் பொருந்தும். உங்கள் படத்தில் இருப்பது அகன்ற இலை. ஒரு நடுக்காம்பின் இரு பக்கமும் சோடி சோடியாகச் சிற்றிலைகள், நுனியில் ஒன்று தனியாக. ஒவ்வொரு சிற்றிலையின் விளிம்பும் வாள்பல் போல வெட்டுப்பட்டிருக்கிறது. சிலது ஒரு பக்கம் மட்டும் ஆழமாக வெட்டுப்பட்டுப் பெருவிரல் பிரிந்த குளிர்க்கையுறை மாதிரித் தெரிகிறது. செலரி இலையைப் பெரிதாக்கிப் பாருங்கள், கிட்டத்தட்ட அதுதான். நூல் இலையா, அகல இலையா என்ற இந்த ஒரு கேள்வியிலேயே பெருஞ்சீரகமும் சதகுப்பையும் கழன்று விடும்.

தண்டைப் பார்த்தால், பார்ஸ்னிப் தண்டில் நெடுகப் பள்ளம் பள்ளமாக வரி ஓடும். வெளிர்பச்சை, உள்ளே வெறுமை. இலைக்காம்பின் அடி தண்டைச் சுற்றிப் பிடித்திருக்கும். பெருஞ்சீரகத்தின் தண்டு வழுவழுவென்று, சாம்பல் பூத்த நீலப்பச்சையாக இருக்கும்.

பிறகு விதை. அம்மாவின் தட்டில் இருந்ததை நீங்கள் கிட்டப் பிடித்து எடுத்த படம் அருமை. பெருஞ்சீரகம் நீளமாக, முதுகில் வரம்பு வரம்பாக இருக்கும் என்பது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தட்டில் கிடப்பது தட்டையாக, வட்டமாக, ஒரு சிறு நாணயம் போல. சுற்றிவர மெல்லிய செட்டை விளிம்பு. மேலே கபில நிறத்தில் மெல்லிய கோடுகள் தெரிகிறதா? அவை எண்ணெய்க் குழாய்கள். சுடுகிற சரக்கு அதற்குள் நிறையவே இருக்கிறது. அதனால்தான் போத்தலைப் பற்றி அவசரப்பட்டேன்.

பெருஞ்சீரகம்தானா என்று பார்க்க நம் ஆட்கள் செய்வது, இலையைக் கசக்கி மணந்து பார்ப்பது. பெருஞ்சீரகத்துக்கு அது நல்ல சோதனைதான். பார்ஸ்னிப்பிடம் அதைச் செய்தால் விரலும் மூக்கும் புண்ணாகும். இந்தக் குடும்பத்துச் செடி எதுவென்றாலும் முதலில் கண்ணால் பாருங்கள், பெயர் உறுதியான பிறகு மூக்கு.

இனி ஒரு எதிர்ப்பக்கம். மஞ்சள் குடையெல்லாம் கெட்டது என்று அப்பா அடுத்த வருடம் கண்டதையும் வெட்டத் தொடங்கிவிடக் கூடாது. கோல்டன் அலெக்சாண்டர்ஸ் என்று ஒன்று உண்டு. ஒன்ராறியோவின் சொந்தச் செடி, வண்ணத்துப்பூச்சிகளுக்காக இப்போது பலர் விரும்பி நடுகிறார்கள். பூ கிட்டத்தட்ட இதே மஞ்சள். ஆனால் அது மே, ஜூனிலேயே பூத்துவிடும், பெரும்பாலும் இடுப்பளவைத் தாண்டாது, இலை மூன்று மூன்றாகப் பிரிந்து விளிம்பில் பொடிப்பல் வைத்திருக்கும். ஒரு குட்டிக் குடைக்குள் நடுவில் இருக்கும் பூவை உற்றுப் பாருங்கள். அதற்குக் காம்பு இருக்காது, அப்படியே உட்கார்ந்திருக்கும். பார்ஸ்னிப்பில் எல்லாப் பூவுக்கும் காம்பு உண்டு.

வெள்ளைக் குடைப் பூக்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் இரண்டு வரி. இந்தப் பக்கத்து ஈர நிலங்களில் வளரும் நீர் ஹெம்லொக், வட அமெரிக்காவின் மிகக் கொடிய நஞ்சுச் செடிகளில் ஒன்று. அதன் கிழங்கைப் பார்ஸ்னிப் என்று நினைத்துத் தின்று இறந்தவர்கள் இருக்கிறார்கள். "காட்டு பார்ஸ்னிப் என்றால் கிழங்கைத் தோண்டிச் சமைக்கலாமே" என்று யாராவது சொன்னால் கடைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். கடைக் கிழங்கைத் தோல் சீவிச் சமைக்கப் பயமில்லை, எங்கள் வீட்டில் வாட்டித் தின்பது வழக்கம்.

அப்பாவின் கைக்கு வருவோம். நான் தோல் மருத்துவர் இல்லை. மருந்து சொல்லப் போவதில்லை. ஆனால் செடி என்ன செய்தது என்று சொல்ல முடியும்.

பார்ஸ்னிப்பின் பாலில் ஃபியூரனோகூமரின் என்ற வகை இரசாயனங்கள் இருக்கின்றன, சோரலென் அதில் ஒன்று. இருட்டில் அது தோலில் பட்டால் ஒன்றும் நடக்காது. வெயில் வேண்டும். வெயிலில் உள்ள புறஊதா ஏ கதிர் பட்டதும், தோல் கலத்துக்குள் புகுந்திருக்கும் சோரலென் போய் டிஎன்ஏயைப் பிணைத்துப் பூட்டிவிடும். அந்தக் கலம் செத்துப்போகும். இது அலர்ஜி இல்லை. அலர்ஜி என்றால் ஒருவருக்கு வரும், இன்னொருவருக்கு வராது. இது சூடான சட்டியைத் தொட்டது போல, பாலும் வெயிலும் போதுமான அளவு சேர்ந்தால் யாருக்கும் சுடும். சட்டி உடனே சுட்டுவிடும், இது ஒரு நாள், இரண்டு நாள் கழித்துத்தான் காட்டும். சனிக்கிழமை வெட்டி, திங்கட்கிழமை கொப்புளம் கண்டது அந்தக் கணக்கோடு சரியாகப் பொருந்துகிறது. ஞாயிற்றுக்கிழமை ஒன்றும் இல்லாததால் யாரும் செடியைச் சந்தேகிப்பதில்லை, வைத்தியரும் கேட்பதில்லை.

இன்னொரு தடயம், உங்கள் மூன்றாவது படத்தில் தெரியும் கோடுகள். தண்டு உரசிய இடம் கோடாக, பால் தெறித்த இடம் பொட்டாக விழுந்திருக்கிறது. அரிப்பை விட எரிச்சல்தான் அதிகம் என்று அப்பா சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். பாய்சன் ஐவி என்ற நச்சுக் கொடி பட்டிருந்தால் அரிப்புத் தாங்காது. அடுத்த முறை யாருக்காவது இப்படி நடந்தால் கிளினிக்கில் "இரண்டு நாளைக்கு முன் வெயிலில் பார்ஸ்னிப் வெட்டினேன்" என்று நீங்களே சொல்லிவிடுங்கள். அவர்கள் எழுதும் பெயர் பைட்டோஃபோட்டோடெர்மடைட்டிஸ். செடியும் வெளிச்சமும் சேர்ந்து உண்டாக்கும் தோல் அழற்சி என்பதுதான் அந்த நீளமான பெயரின் அர்த்தம். தேசிக்காய் பிழிந்த கையோடு வெயிலில் நின்றவர்களுக்கும் இதேதான் வருகிறது. தேசிக்காய்த் தோலிலும் இதே வகைச் சரக்கு உண்டு.

கபிலக் கோடுகள் மெல்ல மெல்லத்தான் மங்கும். பல மாதம், சிலருக்கு இரண்டு வருடம்கூட எடுக்கும். நம் போன்ற நிறத்தவருக்கு அது இன்னும் எடுப்பாகத் தெரியும். அந்த இடத்தில் வெயில் படாமல் முழுக்கைச் சட்டை போடச் சொல்லுங்கள், வெயில் பட்டால் இன்னும் கறுக்கும். தேய்த்துப் போக்கப் பார்க்க வேண்டாம். முக்கியமாகத் தேசிக்காய் தேய்க்க வேண்டாம். ஏன் என்று மேலே சொல்லிவிட்டேன்.

வெட்டும் அன்றைக்கே பால் பட்டது தெரிந்தால், குளிர்ந்த தண்ணீரும் சவர்க்காரமும் போட்டுக் கழுவிவிட்டு இரண்டு நாளைக்கு அந்த இடத்தை வெளிச்சத்துக்குக் காட்டாமல் மூடி வைத்திருந்தால் பெரும்பாலும் தப்பிவிடலாம். கார்க் கண்ணாடி ஊடாகவும் புறஊதா ஏ வரும் என்பதை நினைவில் வையுங்கள். கண்ணில் பட்டால் நன்றாகத் தண்ணீர் ஊற்றிவிட்டு நேரே வைத்தியரிடம்.

எனக்கும் ஒரு தடவை விழுந்திருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த முதல் கோடை, கட்டைக் காற்சட்டையோடு ஒரு ரோட்டோரப் பள்ளத்தில் இறங்கிச் செடி எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ணிய செடியே பார்ஸ்னிப். இரண்டு நாளில் முழங்காலுக்குக் கீழே சவுக்கால் அடித்தது போல வரி. அடுத்த வருடம் வேட்டி கட்டிய எல்லா விசேஷத்திலும் அதற்கு விளக்கம் சொன்னேன். தெரிந்தவனுக்கே இந்தக் கதி.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. தோலைச் சுடும் இதே சரக்கைத்தான் வைத்தியம் தோலுக்கு மருந்தாகவும் எடுக்கிறது. வெண்புள்ளிக்கும் சொரியாசிஸுக்கும் சோரலென் வகை மருந்து கொடுத்து, அளந்து புறஊதா வெளிச்சம் காட்டும் சிகிச்சை பல பத்தாண்டுகளாக இருக்கிறது. சோரலென் என்ற பெயர் சோரேலியா என்ற செடியிலிருந்து வந்தது. அது வேறொன்றும் இல்லை, நம் கார்போகரிசி. சித்த வைத்தியர்கள் வெண்புள்ளிக்குக் கார்போகரிசி கொடுத்து வெயில் காட்டச் சொன்னதும், அப்பா அறியாமல் வேலிக்கரையில் செய்ததும் இரசாயனப்படி பார்த்தால் ஒரே வேலை. அளவுதான் வேறு.

சரி, ஒரு மரக்கறி எப்படி ரோட்டுக்கு வந்தது? உருளைக்கிழங்கு அமெரிக்காவிலிருந்து போய்ச் சேரும் வரை ஐரோப்பியர்களுக்குப் பார்ஸ்னிப் ஒரு முக்கியமான கிழங்கு. 1600களில் குடியேறியவர்கள் விதையையும் கொண்டு இங்கே வந்தார்கள். முதல் வருடம் செடி தரையோடு இலை பரப்பிக் கிழங்கு வைக்கும், அதற்கு அடுத்த வருடம் அல்லது அதற்கும் பிந்தித் தண்டு எழுப்பிப் பூத்து, விதைத்து, செத்துப்போகும். தோட்டக்காரர் முதல் வருடமே கிழங்கைத் தோண்டிவிட வேண்டும். தோண்டாமல் விட்ட ஒன்று போதும். மீதியைப் பள்ளமும் ரெயில் பாதையும் ரோட்டோரப் புல்வெட்டும் மெஷினும் செய்துவிட்டன. விதை காற்றில் தானாக வெகுதூரம் போகாது. விதை முற்றிய பிறகு ஓடும் புல்வெட்டி அதைக் கிலோமீற்றர் கணக்கில் கொண்டுபோகும். ஹைட்ரோ பாதை நெடுக இது வரிசையாக நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

தோட்டத்துக்கும் காட்டுக்கும் இடையில் உள்ள வேலி அவ்வளவு உயரம் இல்லை என்பதற்கு மறுபக்கக் கதையும் உண்டு. 1840களின் கடைசியில் இங்கிலாந்தின் சைரன்செஸ்டர் விவசாயக் கல்லூரிப் பேராசிரியர் ஜேம்ஸ் பக்மன், காட்டு பார்ஸ்னிப் விதையைப் பொறுக்கி வந்து விதைத்து, ஒவ்வொரு தலைமுறையிலும் நல்லதைத் தெரிந்தெடுத்து, சில வருடங்களிலேயே சாப்பாட்டுக் கிழங்காக்கிவிட்டார். "ஸ்டூடன்ட்" என்ற பெயரில் அந்த வகை இன்றைக்கும் விற்கிறது.

எனக்குப் பிடித்த பார்ஸ்னிப் கதை இன்னொன்று, அது ஒரு புழுவைப் பற்றியது. பூத்தலைக்குள் நூல் கட்டி உட்கார்ந்து விதையைத் தின்னும் ஒரு வலைப்புழு ஐரோப்பாவில் பார்ஸ்னிப்புக்குப் பழைய பகை. செடி இங்கே வந்தபோது புழு வரவில்லை, 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான் வந்து சேர்ந்தது. இலினோய் பல்கலைக்கழகத்தில் மே பெரன்பாம், ஆர்தர் ஸாங்கர்ல் என்ற இருவர், காய்ந்த செடிகளைத் தாளில் ஒட்டிச் சேமித்து வைக்கும் களஞ்சியங்களுக்குப் போய், ஒன்றரை நூற்றாண்டுக் காலத்துப் பார்ஸ்னிப் விதைகளைப் பரிசோதித்தார்கள். புழு இல்லாத காலத்தில் செடியின் நஞ்சு குறைவு. புழு வந்த பிறகு ஏறியிருக்கிறது. 2005இல் அதை வெளியிட்டார்கள். அந்த நஞ்சைச் செடி உண்டாக்குவது நம் கையைச் சுடுவதற்காக இல்லை, தன் விதையைத் தின்ன வரும் புழுவுக்காக. அப்பா குறுக்கே போய்விட்டார், அவ்வளவுதான்.

இப்போது வேலிக்கரையை என்ன செய்வது? அப்பா செய்த இரண்டு பிழையையும் முதலில் சொல்லிவிடுகிறேன். நூல் சுழலும் புல்வெட்டி இந்தச் செடியை வெட்டுவதில்லை, அரைத்துப் பாலை நாலாபக்கமும் தெறிக்க வைக்கும். மெஷினை வையுங்கள். இரண்டாவது அரைக்கை.

ஆவணியில் பூத்து விதை வைத்த செடியைத் தோண்டிக் கஷ்டப்பட வேண்டியதில்லை. அது எப்படியும் இந்த வருடத்தோடு சாகப்போகிற செடி. இப்போது விதைத்தலை ஒன்றுதான் பிரச்சினை. முழுக்கைச் சட்டை, நீளக் காற்சட்டை, தண்ணீர் ஊறாத நீண்ட கையுறை, கண்ணுக்கு ஒரு கண்ணாடி. வெயில் சாய்ந்த பிறகு போய், தலைகளை மட்டும் கத்தரித்துக் குலுக்காமல் கறுப்புப் பைக்குள் போட்டுக் கட்டி, ஒரு வாரமாவது வெயிலில் வைத்துவிட்டுக் குப்பைக்கு அனுப்புங்கள். உரக்குழியும் வேண்டாம், எரிக்கவும் வேண்டாம். உடுப்பைத் தனியாகத் தோயுங்கள், கத்தரியையும் கழுவுங்கள்.

தோண்ட வேண்டியது தரையோடு கிடக்கும் முதல் வருடச் செடிகளை. அதற்குப் புரட்டாசி, ஐப்பசி நல்லது, அல்லது பனி கரைந்த கையோடு ஏப்ரல். மற்றப் புல்லெல்லாம் பழுத்துக் கிடக்கும்போது இதன் இலை மட்டும் பச்சையாகத் தெரியும், தேட வேண்டியதே இல்லை. குளிருக்கு அப்பாவும் தானாகவே முழுக்கைச் சட்டை போடுவார். மழை பெய்த அடுத்த நாள் மண் இளகியிருக்கும்போது, அலவாங்கையோ கூரான மண்வெட்டியையோ சரித்து இறக்கி, மண்ணுக்குக் கீழே இரண்டு அங்குலத்தில் வேரை அறுத்தால் போதும், திரும்பத் தளிர்க்காது. முழுக் கிழங்கையும் இழுக்க வேண்டும் என்று முதுகை முறிக்காதீர்கள். மண்ணில் விழுந்த விதை நாலு வருடம் வரை முளைக்கும், ஆகவே அவ்வளவு காலம் வருடத்துக்கு இரண்டு தரம் வேலிக்கரையைச் சுற்றிப் பார்க்க வேண்டியிருக்கும். களைக்கொல்லி தேடிக் கடைக்குப் போக வேண்டாம். இந்தச் சில செடிக்கு அது தேவை இல்லை.

வேலிக்கு அப்பால் நிற்பது உங்கள் காணி இல்லை, நீங்கள் போய் வெட்ட வேண்டாம். நகரசபையின் 311 தொலைபேசிச் சேவைக்கு அழைத்துக் காட்டு பார்ஸ்னிப் என்ற பெயரைச் சொல்லி, இடத்தையும் சொல்லுங்கள். "மஞ்சள் பூக் களை" என்றால் கேட்டுவிட்டு வைத்துவிடுவார்கள். 2015இலிருந்து இது ஒன்ராறியோவின் களைக் கட்டுப்பாட்டுச் சட்டப் பட்டியலில் இருக்கும் செடி, பெயருக்கு மரியாதை உண்டு.

கடைசியாக மகளின் புழு. நாலாவது படத்தில் அதுவே ஓரமாக விழுந்திருக்கிறது. பச்சை உடல், வளையம் வளையமாகக் கறுப்புப் பட்டி, பட்டியில் மஞ்சள் பொட்டு. கறுப்பு ஸ்வாலோடெயில் வண்ணத்துப்பூச்சியின் புழு. அதைத் தொட்டால் ஒன்றும் ஆகாது. சீண்டினால் தலைக்குப் பின்னால் செம்மஞ்சள் நிறத்தில் இரண்டு கொம்பு நீட்டும், கெட்ட மணம் வரும், அதோடு சரி. ஊரில் தேசி மரத்திலும் கறிவேப்பிலையிலும் இதே மாதிரிக் கொம்பு நீட்டும் புழுவைப் பார்த்திருப்பீர்கள், இரண்டும் ஒரே பேரினம். பார்ஸ்னிப்பைத் தின்னும் இதுவும், தேசி இலையைத் தின்னும் அதுவும் அந்தச் சுடுசரக்கைச் செரித்துவிடும் வயிறு வாய்த்தவை.

தீனிக்கென்று மகளைப் பார்ஸ்னிப் பறிக்க விடாதீர்கள். தொட்டியில் வளர்த்த சதகுப்பை, பார்ஸ்லி, கரட் இலை எதுவும் அதற்குப் போதும். கடையில் வாங்கிய கட்டில் மருந்து அடித்திருக்கலாம், வேண்டாம். கூடு கட்டும் வயது வந்ததும் ஏறிப் பிடிக்க ஒரு சுள்ளியைச் சரித்து வையுங்கள். ஆவணிக் கடைசியில் கட்டும் கூடு சில வேளை இந்த வருடம் திறக்காது, குளிர்காலம் முழுவதும் காய்ந்த சருகு போலத் தொங்கும். செத்துவிட்டது என்று எறிந்துவிடாதீர்கள். வீட்டுச் சூட்டுக்குள்ளும் வைக்காதீர்கள், தை மாதத்தில் விரிந்து பறக்க இடமில்லாமல் நிற்கும். பெட்டியோடு காராஜில் வைத்து விடுங்கள், மே மாதத்தில் அடிக்கடி எட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.